வான்குடையும் தலைக்கவசமும்

சென்ற ஓணம் விடுமுறையில் நாகர்கோவிலிலிருந்து என் தங்கை மகன் தன் புது மனைவியோடு மோட்டார் சைக்கிளில் கரமனையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். இரவு சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்தபோது பேச்சு எங்கெங்கோ போய், அவர்கள் இருவரும் முதன்முதலில் சந்தித்த இடத்துக்கு வந்து நின்றது. மைசூரில் நடந்த ஒரு வான்குதிப்பு முகாமில்தான் சந்தித்தார்களாம். விமானத்திலிருந்து வான்குடையோடு குதிக்கும் முகாம். "பொண்ணு பாக்கப் போன இடம் நல்ல இடம்தான்" என்று என் மனைவி சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

"குதிச்சது அரை மணி நேரம்கூட இல்ல மாமா. காத்துக்கிட்டு இருந்ததுதான் ரெண்டு நாள்" என்றான் அவன். காற்று பலமாக இருந்தாலும் மேகம் தாழ்ந்தாலும் விமானம் ஏறாது. குதிக்க வந்தவர்கள் எல்லாம் கொட்டகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்களாம். எந்த மோட்டார் சைக்கிள் மலைக்கு ஏற்றது, எந்தக் கையுறை மழைக்குத் தாங்கும், யார் லடாக் போனார்கள், யாருக்கு எந்த ஊரில் காதல் வந்தது, வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி என்று நம் வீட்டுத் திண்ணைப் பேச்சேதான். அந்தப் பேச்சுக்கு நடுவே பழக்கப்பட்டவர்கள் ஒரு காரியத்தை மட்டும் மறப்பதில்லையாம். எழுந்து போகும் ஒவ்வொருவரின் பட்டை, கொக்கி, தலைக்கவச வார் எல்லாவற்றையும் இன்னொருவர் கையால் தொட்டுப் பார்ப்பார். "உங்க மார்புப் பட்டை முறுக்கிக்கிட்டிருக்கு" என்று இந்தப் பெண் சொன்னதுதான் இவர்களுடைய முதல் பேச்சு.

மறுநாள் காலை இருவரும் பொன்முடிக்குக் கிளம்பினார்கள். அவன் தலையில் கவசம் இருந்தது. வார் காதோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கவசம் முழங்கையில் மாட்டியிருந்தது. "போலீஸ் நிக்கிற இடத்துல போட்டுக்கறேன் மாமா" என்றாள்.

பத்தாயிரம் அடி உயரத்துக்கு ஏறும்போது பட்டையைத் தொட்டுப் பார்த்த அதே இருவர்தான் இவர்கள். அன்று வாசலில் நின்று அவர்களுக்குச் சொன்ன பாடத்தை நம் சங்கத்துப் பிள்ளைகளுக்காகவும் பெற்றோர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் அளவுதான்.

விழுவது ஆபத்தா? நிற்பது ஆபத்தா?

விழுவதால் ஒருவருக்கும் அடிபடுவதில்லை. விழுந்தவர் நிற்கும்போதுதான் அடிபடுகிறது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் இன்றைய பாடம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

ஒரு பொருள் விழும்போது புவியீர்ப்பு அதன் வேகத்தை ஒவ்வொரு விநாடியும் 9.8 மீட்டர் வீதம் கூட்டுகிறது. தரையைத் தொட்டதும் அத்தனை வேகமும் போயாக வேண்டும். அது நீண்ட தூரத்தில் மெதுவாகப் போனால் உடம்பு தாங்கும். ஒரு நூலளவு தூரத்தில் போனால் எலும்பு தாங்காது. இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுக்க வேண்டும். வரும் விடை, விழுந்த பொருளின் எடையைப் போல ஏறத்தாழ எத்தனை மடங்கு விசை அதன்மேல் பாய்கிறது என்பதைக் காட்டும். காற்றின் தடை அதிகம் இல்லாத சிறு உயரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மெத்தையில் விழுந்து 10 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், 100 வகுத்தல் 10, அதாவது 10 மடங்கு. அதே உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து அரை சென்டிமீட்டரில் நின்றால் 200 மடங்கு. உயரம் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. நின்ற தூரம் மட்டும்தான் மாறியது.

2023 மார்ச் 7 அன்று நம் வர்க்கலை பாபநாசம் கடற்கரையில், வானில் மிதந்துகொண்டிருந்த பாராகிளைடர் ஒன்று உயர்ந்த விளக்குக் கம்பத்தில் சிக்கி, ஒரு பயணியும் பயிற்றுநரும் அந்தரத்தில் தொங்கியது நினைவிருக்கலாம். கீழே நின்றவர்கள் மெத்தைகளையும் வலையையும் கொண்டுவந்து விரித்தார்கள். சூத்திரம் தெரியாதவர்களுக்கும் கை தானாகவே செய்யும் வேலை அது. நிற்கும் தூரத்தைக் கூட்டு என்பதே அதன் பொருள். இருவரும் உயிர் பிழைத்தார்கள்.

வான்குடை என்ன செய்கிறது?

விமானத்திலிருந்து குதித்தவரின் வேகம் கூடிக்கொண்டே போவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வயிறு கீழ்நோக்கி இருக்க, கைகால்களை விரித்து விழுபவருக்கு மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பும் உடம்பின் எடையும் சமமாகிவிடும். அதன்பின் வேகம் கூடாது. இதை முற்று வேகம் என்கிறோம். விநாடிக்கு 55 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வான்குடை விரிந்தபின் இந்த 55 மீட்டர் ஏறத்தாழ 5 மீட்டராகக் குறைகிறது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குடை படாரென்று விரியக் கூடாது! விரிந்தால் குதித்தவரின் உடம்பும் தாங்காது, துணியும் தாங்காது. அதற்காகக் குடையின் கயிறுகளில் ஒரு சதுரத் துணித் துண்டைக் கோத்து வைத்திருப்பார்கள். அது மேலிருந்து மெல்ல மெல்லக் கீழே நழுவி வரும்போதுதான் குடை படிப்படியாக அகலும். விரிந்து முடிய மூன்று விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், வேகம் விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் வீதம் குறைகிறது. புவியீர்ப்பைப் போல ஒன்றே முக்கால் மடங்கு, உடம்பு தாங்கிக்கொள்ளும். அதே வேலை மூன்று விநாடியின் பத்தில் ஒரு பங்கில் நடந்தால் 17 மடங்காகிவிடும். காப்பாற்ற வந்த குடையே கழுத்தை ஒடித்துவிடக் கூடும்.

என் தங்கை மகன் குதித்தது பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்ட இரட்டைக் குதிப்பு. இரண்டு பேர் எடைக்கு முற்று வேகம் இன்னும் அதிகமாகும் என்பதால், குதித்த சில விநாடிகளிலேயே பயிற்றுநர் ஒரு சின்னக் குடையை வீசிவிடுவார். அது வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும். பிறகு அந்தச் சின்னக் குடையே பெரிய குடையைப் பையிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவரும்.

தும்பாவின் பாடம்

இதே முறையைத்தான் நம் ஊரின் பெருமையான விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் சேர்ந்து உழைக்கும் ககன்யான் திட்டத்திலும் காண்கிறோம். 2024 பிப்ரவரி 27 அன்று தும்பாவில் உள்ள அந்த மையத்தில்தான் நான்கு விண்வெளி வீரர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அவர்கள் திரும்பி வரும் கலம் கடலில் இறங்க 10 வான்குடைகள் வேண்டும். ஆக்ராவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை உருவாக்கியது. முதலில் இரண்டு குடைகள் மூடியை அகற்றும். அடுத்து இரண்டு குடைகள் கலத்தை ஆட்டமில்லாமல் நிறுத்தி வேகத்தைக் குறைக்கும். பிறகு மூன்று சிறு குடைகள் மூன்று பெரிய குடைகளை வெளியே இழுக்கும். பெரிய குடைகளில் இரண்டு விரிந்தாலே போதும், மூன்றாவது காப்புக்காக.

2025 ஆகஸ்டு 24 அன்று ஸ்ரீஹரிகோட்டா அருகே, ஏறத்தாழ 4.8 டன் எடையுள்ள மாதிரிக் கலத்தைச் சினூக் ஹெலிகாப்டர் சுமார் 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து போட்டது. வான்குடைகள் முறைப்படி விரிந்து கலம் கடலில் பத்திரமாக இறங்கியது. ஒரே குடையில் சட்டென்று நிறுத்த முடியாததைப் பல குடைகளில் படிப்படியாக நிறுத்துகிறார்கள். கோடிக்கணக்கான ரூபாய் செலவழித்து அறிஞர்கள் செய்வதும் நிற்பதை மெதுவாக்கும் வேலையைத்தான்.

இனி ஸ்கூட்டருக்கு வருவோம்

வான்குடையில் வருபவரின் கால் தரையைத் தொடும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் என்று பார்த்தோம். இது நாலேகால் அடி மதிலிலிருந்து குதிப்பதற்குச் சமம்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றும்போது சறுக்கி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வேகமே இல்லை. ஆனாலும் அவர் தலை தார்ச்சாலையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர் வரை இருக்கும். பத்தாயிரம் அடியிலிருந்து வருபவரின் பாதம் தரையைத் தொடும் வேகத்தைவிட, நின்ற வண்டியிலிருந்து சாய்பவரின் தலை தரையைத் தொடும் வேகம் அதிகம்! பாதத்துக்கு மடங்கக்கூடிய முழங்கால் உண்டு. தலைக்கு அப்படி எதுவும் இல்லை.

மண்டை ஓடு நேராகத் தார்ச்சாலையில் மோதி 3 மில்லிமீட்டரில் நின்றால், 1500 வகுத்தல் 3, அதாவது 500 மடங்கு. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற தடித்த அடுக்கு 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால், 1500 வகுத்தல் 25, அதாவது 60 மடங்கு. மண்டையைக் காப்பது வெளியே பளபளக்கும் ஓடு மட்டுமல்ல. உள்ளே நசுங்கும் அடுக்கே முக்கியம். தான் நசுங்கித் தலைக்குச் சில விரற்கடை தூரம் வாங்கித் தருகிறது அது. அதனால்தான் ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். நசுங்கியது மறுபடி எழுந்து வராது.

இது நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஓடும் வண்டி எதிரே உள்ள கம்பத்திலோ லாரியிலோ நேராக மோதினால் கணக்கு இன்னும் கடுமை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம், இரண்டு மாடி உயரத்திலிருந்து, அதாவது 6.3 மீட்டரிலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர். நல்ல தென்னை மர உயரம்.

ஒரு வீரரின் மரணம் தந்த கவசம்

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் தலைக்கவசத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. உலகப்போர்க் காலத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் படைவீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். பிரிட்டிஷ் படை அதே ஆண்டு அந்த வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்டபின், நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும், இது பொருந்தும். கேரளத்தில் 2019 டிசம்பர் 1 முதல் பின்னால் அமர்பவரும் அணிய வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசம் மட்டுமே விற்கப்பட வேண்டும் என்பதும் விதி. 2023 ஜூன் 5 முதல் சாலைக் கேமராக்கள் அபராதச் சீட்டு அனுப்பத் தொடங்கின. அதன்பின் நம்மவர் தலைகளில் கவசம் ஏறிவிட்டது. ஆனால் வார் பூட்டப்படவில்லை. கவசத்தைத் தலையில் வார் கொண்டு உறுதியாகப் பூட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்வதைப் பலர் அறிவதில்லை.

பூட்டாத வார்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானும் வார் பூட்டாமல் போனவன் என்பதுதான் தகுதி.

2004-இல் இடவப்பாதி மழை நாள் ஒன்றில், சாலையிலிருந்து பூவும் பழமும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். கரமனைப் பாலம் தாண்டியதும் சறுக்கினேன். வேகம் இருபதுகூட இருந்திருக்காது. தலையில் நல்ல கவசம்தான். தோள் தரையில் பட்டதுமே கவசம் கழன்று எனக்கு முன்னால் உருண்டு போனதைப் பார்த்தேன். பிறகு என் பின்னந்தலை தரையில் மோதியது.

ஏழு தையல் போட்டார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினேன். "பிழைத்தது பெரிது" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வாயருகே கொண்டுபோனேன். சூடு தெரிந்தது, கசப்பு தெரிந்தது, மணம் இல்லை.

மூக்கின் உச்சியிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பின் துளைகள் வழியே போகின்றன. தலை சட்டென்று நிற்கும்போது உள்ளே மூளை அசைந்து அந்த இழைகள் அறுந்துபோகலாம் என்று மருத்துவர் விளக்கினார். சிலருக்கு நாளடைவில் திரும்பும். எனக்குத் திரும்பவில்லை.

இது சின்னக் குறைதானே என்று தோன்றலாம். வீட்டில் தனியாக இருக்கும்போது காஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது. சாம்பார் ஊசிப்போனதா என்று பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆற்றுக்கால் பொங்கலன்று எங்கள் தெருவெங்கும் அடுப்பு மூட்டி வெல்லம் உருகும்போது, எனக்குக் கண் எரிச்சல் மட்டும்தான் வருகிறது. பேரப்பிள்ளை பிறந்தபோது கையில் வாங்கினேன். பச்சைக் குழந்தையின் உச்சந்தலை மணம் எப்படி இருக்கும் என்பதைப் பழைய நினைவிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

இத்தனையும் ஒரு வாரைப் பூட்டும் இரண்டு விநாடியை மிச்சம் பிடித்ததன் விலை.

அன்று வாசலில் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது தங்கை மகன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண் கவசத்தைத் தலையில் வைத்து வாரைப் பூட்டினாள். பிறகு எட்டி அவன் வாரையும் பூட்டி, தாடைக்குக் கீழே இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். "முகாம்ல செஞ்சதை வாசல்ல மறந்துட்டோம் மாமா" என்றாள். பொன்முடிப் பாதையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். சாயங்காலம் இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

வானிலிருந்து குதிப்பவர்களுக்கு உயரம் பயத்தைத் தருகிறது. பயம் ஒழுங்கைத் தருகிறது. தெருமுனைக் கடைக்குப் போகும் நமக்குப் பயம் இல்லை, ஆகவே ஒழுங்கும் இல்லை. ஆனால் தரை இருவருக்கும் ஒரே தரைதான். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் வண்டியில் போய்வரும் நம் குடும்பங்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். புறப்படும் முன் ஒருவர் வாரை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். ஒரு நாளும் மறக்கமாட்டார்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு முட்டையை முழங்கால் உயரத்திலிருந்து தடித்த தலையணைமேல் போடுங்கள். அதே உயரத்திலிருந்து இன்னொரு முட்டையைத் தட்டின்மேல் போடுங்கள். பிறகு மூன்றாவது முட்டையைத் தெர்மோகோல் துண்டுகள் நிரப்பிய டப்பாவில் மூடியில்லாமல் வைத்துக் கவிழ்த்துப் போடுங்கள். வார் பூட்டாத கவசத்தின் கதை விளங்கும். (உடைந்த முட்டைக்கு அம்மாவிடம் முன் அனுமதி பெறுவது நல்லது.)

அறிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

வான்குடை – காற்றின் எதிர்ப்பால் விழும் வேகத்தைக் குறைக்கும் துணிக்குடை, பாராசூட்.
முற்று வேகம் – காற்றின் எதிர்ப்பும் எடையும் சமமானபின் மாறாதிருக்கும் வேகம்.
தலைக்கவசம் – ஹெல்மெட்.
வார் – கவசத்தைத் தாடைக்குக் கீழே பூட்டும் பட்டை.
கொண்டை ஊசி வளைவு – மலைப்பாதையில் எதிர்த்திசைக்கே திரும்பும் வளைவு.

பயிற்சி வினாக்கள்

1. பத்து மீட்டர் உயரத் தென்னையிலிருந்து தேங்காய் ஒன்று மணலில் விழுந்து 10 சென்டிமீட்டர் பதிகிறது. இன்னொன்று சிமெண்டில் விழுந்து அரை சென்டிமீட்டரில் நிற்கிறது. ஒவ்வொன்றின்மேலும் அதன் எடையைப் போல எத்தனை மடங்கு விசை பாய்கிறது?

2. உயரத்திலிருந்து குதிப்பவர் முழங்காலை மடக்குவது ஏன்?

3. ககன்யான் கலத்துக்கு இரண்டு பெரிய குடைகள் போதும் என்றால் மூன்றாவது எதற்கு? உங்கள் வீட்டில் இதுபோல் காப்புக்காக வைத்திருக்கும் பொருள் ஒன்றைச் சொல்லுங்கள்.

4. இன்று உங்கள் வீட்டில் வண்டி எடுப்பவர் வாரைப் பூட்டினாரா?

விடைகள்: முதல் வினாவுக்கு 100 மடங்கு, 2000 மடங்கு. இரண்டாவதற்கு, நிற்கும் தூரம் கூடுவதற்காக. மூன்றாவதை வீட்டில் பேசிப் பாருங்கள். நான்காவது வினாவின் விடை நாள்தோறும் மாறலாம்; நாள்தோறும் கேளுங்கள்.